யார் உதவியும் இல்லாமல்

என் ஒரே மகளும், வாய் தவறிச் சொன்னாலும் சொன்ன சொல்லைக் காப்பாற்றுபவள் என்று நான் இன்னமும் நம்பிக்கொண்டிருப்பவளுமான பாப்பாவுக்கு, உன் அப்பா நல்ல உடம்போடும் முழு நினைவோடும் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும். இங்கே என்பதற்கும் அங்கே என்பதற்கும் நடுவில் இப்போது ஒரு தெருதான் இருக்கிறது என்பதை மேற்கொண்டு படித்தால் தெரிந்துகொள்வாய். ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்து படி.

உன் அடுக்குமாடிக் கட்டடத்துக்கு நேர் எதிரே, சலவைக் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவில் நசுங்கினாற்போல ஒரு டீக்கடை இருக்கிறதே, அதன் பெஞ்சில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். ஆமாம், வந்துவிட்டேன். ரயில், பஸ், கப்பல் என்று மூன்றிலும் ஏறி இறங்கி, ஒரு நாட்டில் கிளம்பி இன்னொரு நாட்டில் வந்து உட்கார்ந்திருக்கிறேன். யார் உதவியும் இல்லாமல். மேலே வந்து மணி அடிக்காமல் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து கடிதம் எழுதுவது என்ன பழக்கம் என்று கேட்பாய். நேரில் வந்தால் நீ பேசுவாய், நீ பேச ஆரம்பித்தால் நான் என்ன சொல்ல வந்தேன் என்பதே எனக்கு மறந்துவிடும். உன் அம்மாவிடமும் அதுதான் நடந்தது, அவள் கண்ணை மூடுகிற வரைக்கும் ஒரு வாக்குவாதத்தில்கூட நான் ஜெயித்ததில்லை. காகிதத்தில் மட்டும்தான் நீ குறுக்கே பேச முடியாது. அதனால் எழுதி முடித்ததும் இதை உங்கள் காவலாளி கையில் கொடுத்து மேலே அனுப்புவேன். நீ படித்துவிட்டுப் பால்கனிக்கு வந்து, "ஒத்துக்கறேன்ப்பா" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், வந்துவிடுவேன். அதுவரை இந்தப் பெஞ்சை விட்டு நகர்வதாக இல்லை. டீக்கடைக்காரரிடமும் சொல்லிவிட்டேன்.

எதை ஒத்துக்கொள்ள வேண்டும் என்று தெரியாதது போல முகத்தை வைத்துக்கொள்ளாதே. எல்லாம் அந்த மொட்டை மாடியில் ஆரம்பித்தது. போர்வை காயப்போட மாடிக்குப் போனேன், காற்றில் கதவு அடித்துச் சாத்திக்கொண்டு, உள்பக்கத் தாழ்ப்பாள் தானாக விழுந்துவிட்டது. கவனி, நான் மாட்டிக்கொள்ளவில்லை, கதவுதான் மாட்டிக்கொண்டது. பக்கத்து வீட்டு டீச்சரம்மாவைக் கூப்பிட்டு, ஒரு தச்சரை வரச் சொல்லுங்கள் என்றேன். அந்த அம்மா தச்சருக்குப் போன் போடாமல் கடல் தாண்டி உனக்குப் போன் போட்டார். அன்றைக்குப் பிடித்தது சனி. காலையில் போன், மாத்திரை போட்டீங்களா. மத்தியானம் போன், அடுப்பை அணைச்சீங்களா. சாயங்காலம் போன், மாடிக்குப் போகலையே. ஒரு நாள் குளித்துவிட்டு வெளியே வருகிறேன், ஒருத்தன் டீச்சரம்மாவிடம் இருந்த மாற்றுச் சாவியை வாங்கி உள்ளே வந்து, என் சமையலறையை நாடா வைத்து அளந்துகொண்டிருக்கிறான். யாரப்பா நீ என்றால், "உங்க பொண்ணுதான் சார் அனுப்புனாங்க, வீட்டை வாடகைக்கு விடணும்னு" என்கிறான். நான் துண்டோடு நிற்கிறேன்! அன்றைக்குப் போனில் நான் சத்தம் போட்டேன், நீயும் போட்டாய், கடைசியில் நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "நீங்க தனியா இருக்கற ஆளே இல்லப்பா. எங்க, ஒரே ஒரு தடவை, யார் உதவியும் இல்லாம இங்க வந்து சேருங்க பாப்போம். அப்புறம் வீட்டைப் பத்தி நான் வாயே திறக்கல." நீ கோபத்தில் சொன்னாய். நான் அதைப் பந்தயமாக எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நீ செய்ததைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. விமான டிக்கெட் போட்டு அனுப்பினாய், அதில் என் பெயருக்குப் பக்கத்தில் வீல்சேர் தேவை என்று போட்டிருந்தாய். பாப்பா, உன் அப்பன் முப்பது வருஷத்துக்கு மேல் ஓடுகிற பஸ்ஸின் படிக்கட்டில் ஒற்றைக் காலில் நின்று டிக்கெட் கிழித்தவன். என்னை ஒரு நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போக எவனையோ நீ ஏற்பாடு செய்கிறாய்! அந்த விமானம் கிளம்புகிற தேதிக்கு முன்னாலேயே நான் ரயிலேறிவிட்டேன். கிளம்பும்போது உனக்குச் சொன்னேன், நினைவிருக்கும். இனிமேல் போன் பண்ணாதே, போனில் வழி சொன்னாலும் அது உதவிதான் என்றும் சொல்லிவிட்டு, போனை அணைத்துப் போர்வைக்குள் சுற்றிப் பெட்டியில் போட்டேன். பாஸ்போர்ட்டும் டிக்கெட்டுகளும் என் பழைய கண்டக்டர் தோல்பையில், கக்கத்தில். அந்தப் பை என் உடம்பை விட்டு இறங்காது என்பது உனக்கே தெரியும், உன் கல்யாணப் போட்டோ எல்லாவற்றிலும் இருக்கிறது.

ரயிலில் எனக்கு வாய்த்தது மேல் பர்த். கீழே காதில் எதையோ செருகிக்கொண்டிருந்த ஓர் இளைஞன் என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டான். "தாத்தா, நீங்க கீழ படுத்துக்கங்க, நான் மேல போயிக்கறேன்." நல்ல பையன்தான், ஆனால் ஏறிய முதல் நிமிஷத்திலேயே என் வீட்டுக்கு உலை வைக்கப் பார்த்தான். எனக்கு மேலேதான் பிடிக்கும் தம்பி என்று சொல்லிவிட்டு ஏறினேன். ஒரு கால் ஜன்னல் கம்பியில், இன்னொரு கால் யாருடைய சாப்பாட்டுக் கூடையிலோ, பிறகு ஓர் அம்மாளின் தோளில். அவருடைய தோள் அந்த இடத்தில் இருந்ததற்கு நான் பொறுப்பில்லை. மேலே போன பிறகுதான் தெரிந்தது, அங்கே படுக்கலாம், உட்கார முடியாது. தலையைத் தூக்கினால் கூரை, திரும்பினால் மின்விசிறி. டீ விற்பவர் எட்டிக் கொடுத்த டீயைப் படுத்தபடியே குடித்தேன், பாதி காதுக்குள் போனது. பகல் முழுவதும் பாலமும் உப்பளமும் கடலோரமும் வந்து போயிருக்கின்றன, கீழே இருந்தவர்கள் பார்த்துப் பார்த்துச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். நான் கூரையில் இருந்த ஆணிகளைப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஏன் இறங்கவில்லை என்று கேட்காதே. ஏறும்போது காலுக்குக் கிடைத்த கம்பி இறங்கும்போது அதே இடத்தில் இல்லை. கடைசி ஸ்டேஷனில் எல்லாரும் போன பிறகு, பெட்டியைப் பெருக்க வந்த பெண் அண்ணாந்து பார்த்தாள்.

"ஐயா, வண்டி ஷெட்டுக்குப் போகப் போகுது. இறங்கலையா?"

"இறங்கத்தாம்மா போறேன்."

"எப்பலேருந்து?"

வாயாடி. ஆனால் துடைப்பக் கட்டையை நீட்டினாள், நான் அதைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். இதை உதவி என்று நீ வாதாட முடியாது. துடைப்பம் அங்கே இருந்தது, நான் பிடித்தேன், அவ்வளவுதான்.

அடுத்தது எல்லை. அங்கே நீளமாக ஒரு தகரக் கொட்டகை, வரிசை, கண்ணாடிக்குப் பின்னால் முத்திரை குத்துகிற அதிகாரி. உன் வயதுதான் இருக்கும், கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கறுப்பு. எதுக்கு எங்க நாட்டுக்கு வர்றீங்க என்று கேட்டார். நான் பொய் சொல்கிற ஆள் இல்லை. பந்தயம் என்றேன். உடனே என்னை வரிசையை விட்டு நகர்த்தி ஓரமாக நிற்கவைத்துவிட்டார்கள். சூதாட்டமா, குதிரையா, எவ்வளவு நாளாக இந்தப் பழக்கம் என்று இன்னொருத்தர் வந்து விசாரித்தார். பிறகு நான் மாடிக் கதவிலிருந்து ஆரம்பித்து, நாடா வைத்து அளந்தவன் வரைக்கும் முழுக் கதையையும் சொன்னேன். வரிசையில் இருந்தவர்களும் கேட்டார்கள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி முத்திரையைக் கீழே வைத்துவிட்டார்.

"எங்கம்மாவும் இப்படித்தான் சார். எங்கூட வந்து இருங்கம்மான்னா கேக்கறதே இல்ல. போன மாசம் வழுக்கி விழுந்து, யாருக்கும் சொல்லாம மூணு நாள் நொண்டிக்கிட்டிருந்திருக்காங்க. நாங்க என்ன எதிரிங்களா சார்? சொல்லுங்க!"

"உங்கம்மா சமையலறையை யாராவது அளந்தாங்களா?"

"பேச்சை மாத்தாதீங்க! உங்க மக அங்க எப்படித் தவிச்சுக்கிட்டிருப்பாங்க? போன் பண்ணிட்டீங்களா?"

இல்லை என்றேன். அவருக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே, என்னவோ அவருடைய அம்மாவே எதிரில் வந்து நிற்பது போல முறைத்தார். முத்திரையை என் பாஸ்போர்ட்டில் குத்திய குத்தில் மேஜையில் இருந்த டீ தம்ளர் துள்ளியது. அது உதவி இல்லை, கடமை.

இனி பஸ். இந்த இடத்தை நிதானமாகப் படி, ஏனென்றால் வேறு யாராவது இதை உனக்குத் தப்பாகச் சொல்லக்கூடும். எல்லையிலிருந்து துறைமுகத்துக்குப் போகிற அந்தப் பஸ்ஸில் கண்டக்டரே கிடையாது. டிரைவர் ஒருத்தர் மட்டும், கதவு தானாகத் திறந்து தானாக மூடுகிறது, டிக்கெட்டை முன்னாலேயே வாங்கிவிட வேண்டும். எத்தனை பேர் ஏறினார்கள், யார் இறங்கவில்லை என்று கேட்க ஒரு நாதி இல்லை. எனக்கு உட்காரவே இருப்புக் கொள்ளவில்லை. பெட்டியை இருக்கைக்கு மேலே வைத்துவிட்டு, பின்கதவுப் பக்கமாகப் பார்த்து உட்கார்ந்தேன். நடுவழியில் ஒரு பஞ்சர் கடையும் டீக்கடையும் கழிப்பறையும் இருந்த இடத்தில் வண்டி நின்றது. எல்லாரும் இறங்கினார்கள். டிரைவர் ஹாரன் அடிக்கிறார், ஒருத்தரும் அசையவில்லை. கைக்குழந்தையோடு ஒரு பெண் டீயை வைத்துக்கொண்டு நிற்கிறாள், இரண்டு பேர் புகைத்துக்கொண்டு நிற்கிறார்கள், ஒரு கிழவர், என்னைவிடச் சின்னவர்தான், இன்னும் கழிப்பறையில் இருக்கிறார். என்னால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா, நீயே சொல். கீழே நின்று, "ஏறுங்க ஏறுங்க, டீயைக் கையில வச்சுக்கிட்டே ஏறுங்க, உள்ள போங்க, படியில நிக்காதீங்க" என்று ஒவ்வொருவராக ஏற்றினேன். கழிப்பறைக் கதவைத் தட்டினேன். குழந்தைக்காரிக்கு ஜன்னல் சீட் வாங்கிக் கொடுத்தேன். கடைசி ஆள் ஏறியதும் தலையை எண்ணினேன், சரியாக இருந்தது. பஸ்ஸின் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டி, "போலாம் ரைட்!" என்றேன்.

போய்விட்டது.

நான் என் காலத்து வழக்கப்படி, வண்டி நகர்ந்த பிறகு கூடவே நாலடி ஓடிக் கம்பியைப் பிடித்துத் தாவுவதற்காகக் கையை நீட்டினேன். கம்பி இல்லை, படி இல்லை, வழவழவென்று மூடிய கதவுதான் இருந்தது. டிரைவரை நான் ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன். முன்பின் தெரியாத ஒரு டிரைவர், வேற்று நாட்டில், என் ஒரு குரலுக்குத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வண்டியை எடுத்தார் பார், இத்தனை வருஷம் கழித்தும் என் குரலுக்கு அந்த மரியாதை இருக்கிறது. அதை நீ அந்த வீல்சேர்க்காரனிடம் சொல். பஞ்சர் கடைக்காரர் டயரை உருட்டிக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"அது உங்க பஸ்ஸா?"

"ஆமா."

"போயிடுச்சே."

"நான்தான் அனுப்பினேன்."

அவர் டயரைச் சுவரில் சாய்த்து வைத்தார். பிறகு தன்னுடைய போனை எடுத்து நீட்டினார், யாருக்காவது சொல்லணுமா பெரியவரே என்று கேட்டார். அந்த இடத்தில் எனக்குக் கை துறுதுறுத்தது உண்மை. பெட்டி போயிற்று, வெயில் மண்டையைப் பிளக்கிறது, தலையில் துண்டுகூட இல்லை. ஆனால் போன் என்றால் உதவி, உதவி என்றால் வீடு போச்சு. வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நேரே நிமிர்ந்து நின்றேன். உட்காரச் சொன்னார், அதையும் மறுத்துவிட்டேன். நல்லவேளையாக ஓர் ஐஸ் லாரி டயருக்குக் காற்றடிக்க வந்து நின்றது, துறைமுகத்துக்கு மீன் கட்ட ஐஸ் கொண்டுபோகிற லாரி. காற்றடித்துவிட்டுப் பின்பக்கமாக எடுக்கும்போது ஒருபுறம் சாக்கடை, ஒருபுறம் டீக்கடைக் கூரை. டிரைவர் முன்னே பின்னே என்று வியர்த்துக்கொண்டிருந்தார். நான் கேட்காமலே போய் நின்றேன். "வரட்டும் வரட்டும், ரைட்ல ஒடிங்க, இன்னும் ஒடிங்க, ஸ்டாப்!" ஒரே மூச்சில் ரோட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். ஏறுங்கண்ணே என்றார் டிரைவர். தாத்தா இல்லை, பெரியவர் இல்லை, அண்ணே! கேட்டு வாங்கினால்தான் உதவி, வேலை பார்த்து வாங்கினால் கூலி. மாப்பிள்ளை படித்தவர், அவரிடம் வேண்டுமானால் கேட்டுப் பார். முன் சீட்டில் ஈரச் சாக்குக்கு மேல் உட்கார்ந்து வந்தேன். லாரி ஊர்ந்துதான் போனது, ஆனால் குளுகுளுவென்று போனது. இறங்கும்போது இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே இல்லை.

துறைமுகத்துக்கு வந்தபோது அன்றைய கப்பல் போய்விட்டது. அடுத்தது மறுநாள் காலையில்தான் என்றார்கள். காத்திருக்கும் கூடத்தில் பார்த்தால், அந்தக் குழந்தைக்காரி துணி மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள், அவளும் காலைக் கப்பலுக்குத்தான். என்னைப் பார்த்ததும் வாயைப் பிளந்தாள்.

"நீங்க பயணியா? நாங்க உங்களைக் கண்டக்டர்னுல்ல நினைச்சோம்! டியூட்டி முடிஞ்சு அங்கயே இறங்கிட்டீங்கன்னு பேசிக்கிட்டோம்."

சொன்னால் நம்ப மாட்டாய், அதைக் கேட்டதும் எனக்கு வந்த சந்தோஷத்தில் ஐஸ் லாரியின் குளிரெல்லாம் விட்டுப்போனது. பஸ் நிறைய ஆட்கள், ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை! யாரும் எடுக்காமல் கிடந்த பெட்டியை டிரைவர் துறைமுக ஆபீஸில் ஒப்படைத்துவிட்டுப் போனாராம். ஆபீஸ் பூட்டியிருந்தது. காலையில் ஆபீஸ் திறப்பதற்குள் கப்பல் கிளம்பிவிடும். பெட்டியா வீடா என்று யோசித்தேன். பெட்டியில் இருப்பது நாலு சட்டையும் ஒரு போர்வையும் வாயை மூடிவைத்த போனும். கிடக்கட்டும் என்று கப்பலேறிவிட்டேன்.

கப்பலைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. ஏறியதும் எல்லாரையும் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை போடச் சொன்னார்கள், நான் மறுத்தேன், படிக்கட்டில் தொங்கினவனுக்கு எதற்கு அதெல்லாம். கரை மறைந்த பிறகு கேட்டு வாங்கிக்கொண்டேன், தலைக்கு வைத்துக்கொள்ள வசதியாக இருந்தது. பஸ் குலுங்கினால் எந்தப் பள்ளம், எந்த டயர் என்று சொல்லிவிடுவேன். இது எதற்கு ஆடுகிறது என்றே தெரியவில்லை. அதற்கப்புறம் பெரும்பாலான நேரம் ஓரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, கடலை மிக அருகில் பார்த்துக்கொண்டு வந்தேன். மற்றவர்கள் அதற்கு வேறு பெயர் சொல்லலாம். குழந்தைக்காரி ஒரு எலுமிச்சம்பழத்தைக் கீறி என் மூக்குக்குக் கீழே வைத்தாள். வாசனை காற்றில் தானாக வந்தது என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். ஒன்று மட்டும் உனக்கு ஒளிக்காமல் சொல்கிறேன், நடுக்கடலில் கொஞ்ச நேரம் பயந்துவிட்டேன். எனக்கு ஏதாவது ஆனால் இந்தக் கப்பலில் என்னை யாரென்று சொல்ல ஒரு ஆள் இல்லையே என்று தோன்றியது. பிறகு அது போய்விட்டது.

இறங்கியதும் டவுன் பஸ் பிடித்து, இரண்டு தடவை தப்பான நிறுத்தத்தில் இறங்கி, உன் தெருவைக் கண்டுபிடித்து வந்துவிட்டேன். இப்போது நான் கேட்பதெல்லாம் நீ வாக்குக் கொடுத்ததை மட்டும்தான். நாடா வைத்திருப்பவன் இனி என் வாசல்படி ஏறக் கூடாது. டீச்சரம்மா உனக்கு என்னைப் பற்றித் துப்புச் சொல்லக் கூடாது, வேண்டுமானால் அவருடைய பூனையைப் பற்றிச் சொல்லட்டும். போன் ஒரு நாளைக்கு ஒரு தடவை, அதுவும் நீ எப்படி இருக்கிறாய் என்று நான் கேட்பதற்காக. உன் மேல் எனக்குக் கோபம் இல்லை, பாப்பா. உன் வீட்டில் எனக்காக அறை ஒதுக்கி, ஜன்னலுக்குத் திரை வாங்கிவிட்டாய் என்று மாப்பிள்ளை சொன்னார். அந்த அறையில் நான் எழுந்து வெளியே வந்தால், தண்ணீர் எடுக்கலாமா, டிவியைப் போடலாமா, யாராவது தூங்குகிறார்களா என்று பார்த்துப் பார்த்து நடப்பேன். நீ ஒன்றும் சொல்ல மாட்டாய், அதுதான் எனக்குக் கஷ்டம். என் வீட்டில் நான் தடுமாறினாலும் என் நாற்காலியில்தான் முட்டிக்கொள்கிறேன். ராத்திரி கதவை நானே பூட்டி நானே படுக்கிறேன். இவ்வளவுதான் நான் கேட்பது, இதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். வந்து சேர முடியும் என்று காட்டிவிட்டேன், இனி நீ மறுக்க வழியில்லை.

மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல், அவர் நடுநிலையாக இருப்பார் என்று நம்புகிறேன். உங்கள் இருவருக்கும் நோய் நொடி இல்லாத வாழ்வும், நல்ல தூக்கமும், பெரியவர்கள் சொன்னதைக் கேட்கும் பொறுமையும் கிடைக்க வேண்டும் என்று வாழ்த்துகிறேன். பால்கனிக்கு வரும்போது ஈரத் தலையோடு வராதே, காற்று அதிகமாக இருக்கிறது.

இப்படிக்கு,
பந்தயத்தில் ஜெயித்த
உன் அப்பா

பின்குறிப்பு: பாப்பா, மேலே எழுதியது எதையும் படிக்க வேண்டாம். கடிதத்தை மடித்துக்கொண்டுபோய்க் காவலாளியிடம் நீட்டினேன், மூன்றாவது மாடிக்கு என்று சொன்னேன். "அக்காவுக்கா? அவங்க காலைக் கப்பல்ல போயிட்டாங்களே" என்கிறான். எங்கே என்றால், "அவங்கப்பா நடுவழியில காணாமப் போயிட்டாராம். பெட்டி மட்டும் கிடைச்சிருக்குன்னு நேத்து சாயங்காலம் துறைமுகத்துலேருந்து போன் வந்துச்சாம். சார் வேற வெளியூர்ல இருக்காரு, ராத்திரிதான் வர்றாரு. அக்கா தனியாத்தான் போச்சு. அழுதுக்கிட்டே போச்சு" என்கிறான். பெட்டி மூடிக்கு உள்பக்கம் உன் நம்பரை எழுதி ஒட்டியிருக்கிறாயாமே, எப்போது ஒட்டினாய்? நான் வந்த கப்பலும் நீ போன கப்பலும் நடுக்கடலில் ஒன்றையொன்று தாண்டித்தான் போயிருக்க வேண்டும். நான் அப்போது கடலைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்திருப்பேன்.

காவலாளியிடம் போன் கேட்டு வாங்கி உனக்கு அடித்தேன். கிடைக்கவில்லை. மறுபடி மறுபடி அடித்தேன். மருந்துக் கடைக்காரரிடம் உதவி கேட்டேன், துறைமுக ஆபீஸுக்குப் பேசிக்கொண்டிருக்கிறார். சலவைக் கடைக்காரரிடம் மாற்றுச் சட்டை கேட்டேன், உலர்ந்த சட்டை ஒன்று கொடுத்தார், யாருடையதோ. டீக்கடைக்காரர் கடையை அப்படியே போட்டுவிட்டு என்னை வண்டியில் உட்காரவைத்து மத்தியானக் கப்பலுக்குக் கொண்டுபோய் விடுகிறேன் என்கிறார், பின்னால் நின்று இடுப்பைப் பிடித்து ஏற்றியும்விட்டார். அவர் வண்டியைக் கிளப்புவதற்குள் இதை அவர் முதுகில் வைத்து எழுதுகிறேன். கடிதம் காவலாளியிடம் இருக்கும். மாப்பிள்ளை, நீங்கள் முதலில் பார்த்தால், பாப்பா போனில் கிடைத்ததும் இதற்குக் கீழே இருப்பதை மட்டும் வாசித்துக் காட்டுங்கள், தயவுசெய்து.

கண்ணு, அப்பா நன்றாக இருக்கிறேன். பஸ் நடுவழியில் நின்ற அந்தப் பஞ்சர் கடைப் பக்கமெல்லாம் என்னைத் தேடி நீ தனியாகப் போகாதே, வெயில் தாங்காது. துறைமுகக் கூடத்திலேயே உட்கார், சாப்பிடு, யார் என்ன கொடுத்தாலும் வாங்கிக்கொள், யாரிடம் வேண்டுமானாலும் போன் கேள். நகராதே. நான் வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு போகிறேன். வீட்டைப் பற்றி அப்புறம் உட்கார்ந்து பேசலாம். பேசலாம் என்றுதான் எழுதியிருக்கிறேன், ஒத்துக்கொண்டேன் என்று எழுதவில்லை.